கழுத்தில் விழுந்த கீறல்

அரால்டைட்டும் கையுமாக வந்து நிற்பார்கள். "பசை வாங்கியாச்சு மேஸ்திரி, ஒட்டிக் கொடுத்துடுங்க." மடிக்கேரியில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுக்கடை ஒன்றில் மர வேலை என் பொறுப்பு, இரும்பை முதலாளி பார்த்துக்கொள்வார். ஒட்டுவது என் வேலையில் கால்வாசிதான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

குடகில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் உள்ளவர்களுக்கும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் லைசென்ஸ் விதியிலிருந்து விலக்கு உண்டு. இப்போதைய விலக்கு 2029 அக்டோபர் வரை. பாட்டன் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்னும் வீடு வீடாக இருக்கின்றன. பழுதுபார்க்கும் தொழிலுக்குத்தான் விலக்கு கிடையாது. அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும்.

துப்பாக்கியின் மரக்கட்டையில் கீறல் விழுவது பெரும்பாலும் கழுத்தில். விசைக்குப் பின்னால் உள்ளங்கை சுற்றிப் பிடிக்கும் மெலிந்த இடம் அது. தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. குழலோடு சேர்ந்த இரும்பின் வால் கழுத்து மரத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். மரம் சுருங்கி அந்த வாலின் நுனியில் முட்டத் தொடங்கிவிட்டால், ஒவ்வொரு வெடிக்கும் அது ஆப்பு அடிப்பதுபோல மரத்தைப் பிளக்கும். மரத்தின் ரேகை கழுத்தின் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே ஓடினால் இன்னும் சீக்கிரம்.

இதைவிடப் பெரிய எதிரி எண்ணெய். குழலுக்கு எண்ணெய் விட்டு, கட்டை கீழே இருக்கும்படி மூலையில் சாத்தி வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்ணெய் மெல்ல வடிந்து கழுத்து மரத்தில் ஊறி, மரம் கறுத்து, நகம் பதியும் அளவுக்கு இளகிவிடுகிறது. அதன்மேல் எந்தப் பசையும் நிற்காது.

அதனால் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று முதலாளி பார்த்து, இரும்பையெல்லாம் கழற்றித் தந்ததும் எண்ணெய் எடுக்கத்தான் உட்காருவேன். அசிட்டோனில் சாக்குக்கட்டிப் பொடியைக் குழைத்துக் கழுத்தில் அப்பினால், காயக் காய எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். தட்டிவிட்டு மறுபடி அப்ப வேண்டும். பொடி வெள்ளையாகவே உதிரும்வரை விடுவதில்லை. பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது. அசிட்டோன் சட்டென்று பற்றும்.

மரச்சாமானுக்குப் பூசுகிற வெள்ளைப் பசை இங்கே உதவாது. அது வாய் இறுக்கமாகச் சேர்ந்த மூட்டுக்கு நல்லது. தண்ணீர் வற்றும்போது சுருங்கும், ஓயாத இழுவையில் மெல்ல நழுவும். அரால்டைட் போன்ற எபாக்சி காய்வதில்லை, அதன் இரண்டு திரவங்களும் வேதிவினையில் இறுகிக் கெட்டியாகின்றன. அதனால் சுருக்கம் மிகக் குறைவு, இடைவெளியையும் நிரப்பும். ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகம் வேண்டாம், கீறலின் அடிக்குப் போகும் முன்பே கட்டியாகிவிடும். நிதானமாக இறுகும் பழைய ரகத்தில் ரெசினும் ஹார்டனரும் கன அளவில் சரிபாதி. கலவையைக் கொஞ்சம் சூடுகாட்டினால் இளகி ஓடும். மெல்லிய ஆப்பால் கீறலைச் சற்றே திறந்து, ஒரு பக்கம் பசையை விட்டு, மறுபக்கம் வாக்குவம் கிளீனர் குழாயைப் பிடித்தால் பசை உள்ளே இழுபட்டு, எதிர்ப்பக்கம் முத்து முத்தாக எட்டிப் பார்க்கும். குழாயை உடனே எடுத்துவிட வேண்டும். பசை உள்ளே போனால் கிளீனர் காலி. ஆப்பை உருவிவிட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இழுத்துச் சுற்றுவேன். கழுத்தின் வளைவுக்கு அதைப்போல் பிடிக்கிற கிளாம்ப் கிடையாது.

கீறல் ஆழமாக இருந்தால், பசை இறுகியபின் குறுக்கே துளையிட்டு மரை வெட்டிய பித்தளைக் கம்பியை எபாக்சியில் தோய்த்து இறக்குவேன். கடைசியில் இரும்பு வாலின் பின்னால் அரை மில்லிமீட்டர் மரத்தைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஒட்டியதற்குப் பக்கத்திலேயே அடுத்த கீறல் விழும். கையுறையும் முக்கியம், ஹார்டனர் பட்டுப் பட்டுத் தோல் வெடித்த தச்சர்கள் உண்டு.

செப்டம்பர் தொடக்கத்தில் கொடவர்களின் ஆயுதத் திருவிழாவான கைல்போத் வருகிறது. துப்பாக்கிக்குக் காந்தள் பூச்சூட்டிப் பூஜை, பிறகு தேங்காய் சுடும் போட்டி. முதல்நாள் மாலை உடைந்த கட்டையோடு ஓடிவருகிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: பூஜைக்கு இதை வையுங்கள், தேங்காய்க்குத் தம்பியின் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளுங்கள்.