உறுமும் நாயை அதட்டலாமா? வளர்ப்பவர்கள் அறிய வேண்டியவை

பெங்களூரு: ராட்வீலர், பிட்புல் உள்ளிட்ட 23 நாய் இனங்களின் விற்பனைக்கும் வளர்ப்புக்கும் உரிமம் வழங்கக் கூடாது என்று மாநிலங்களுக்கு மத்திய அரசு 2024 மார்ச் மாதம் சுற்றறிக்கை அனுப்பியது. பெங்களூருவைச் சேர்ந்தவர்கள் தொடர்ந்த வழக்கில், அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி ரத்து செய்தது. சம்பந்தப்பட்ட தரப்பினரைக் கலந்தாலோசிக்காமல் எடுக்கப்பட்ட முடிவு அது எனக் குறிப்பிட்ட நீதிபதி எம். நாகபிரசன்னா, நாய் ஒருவரைக் காயப்படுத்தினால் முழுச் சிகிச்சைக்கும் தனி இழப்பீட்டுக்கும் அதன் உரிமையாளரே பொறுப்பு என்றும் கூறினார்.

பொறுப்பு உரிமையாளருடையது என்றால், மின்தூக்கியில் அயலாரைக் கண்டு பாயும் நாயை அவர் என்னதான் செய்வது என்ற கேள்வி எழுகிறது.

இனத்தின் மீது பழி போடுவது எளிது. ஆனால் 18,000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரை, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது என்று கண்டறிந்தது. அதற்காக ராட்வீலரின் கடியும் பொமரேனியனின் கடியும் ஒன்றாகிவிடாது. கடிக்கும் மனநிலை உருவாவதில் இனத்தின் பங்கு சிறியது. கடித்தால் ஏற்படும் சேதத்தில் உடல் அளவின் பங்கு பெரியது.

பெரும்பாலான ஆக்ரோஷத்தின் அடியில் இருப்பது அச்சம். அஞ்சும் நாய் முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தூக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடும், உடலை விறைப்பாக்கும். இவற்றை எவரும் பொருட்படுத்தாதபோதுதான் உறுமுகிறது. அந்த நேரத்தில் அதட்டினாலோ அடித்தாலோ உறுமல் நின்றுவிடும், அச்சம் நிற்காது. எச்சரித்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கிறது. "இதுவரை உறுமியதுகூட இல்லையே, திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லப்படும் பல நிகழ்வுகளின் பின்னணி இதுவே.

நாயை அடக்கி, தானே தலைவன் எனக் காட்ட வேண்டும் என்ற கருத்து இன்னும் பயிற்சியாளர்கள் பலரிடம் நிலவுகிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் எழுதிய ஆய்வில் இதன் வேர் உள்ளது. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் விளக்கினார். அடிப்படை தகர்ந்த பின்னும் கழுத்தை இறுக்கும் சங்கிலி விற்பனை தொடர்வதுதான் வியப்பு.

பயிற்சியாளரைத் தேடும் முன் கால்நடை மருத்துவரைப் பார்ப்பதே சரியான வரிசை. நடத்தைச் சிக்கலுக்காக நிபுணர்களிடம் வரும் நாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு ஏதேனும் வலி தரும் நோய் இருப்பதாகப் பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் மில்ஸ் குழுவினர் 2020இல் எழுதினர். மூட்டு வலி, காதுப் புண், பல் சொத்தை உள்ள நாயைத் தொட்டால் அது சீறத்தான் செய்யும். பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்பட எங்கு சென்றாலும், நாய் எப்போது, எங்கே, யாரிடம் அப்படி நடந்துகொண்டது என்ற குறிப்பையும் கைப்பேசிக் காணொளியையும் கொண்டு செல்வது நல்லது. மருத்துவர் முன்னிலையில் நாய் அதே போல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுக்குமாடி வாழ்வு தனிச் சிக்கல். பின்வாங்க இடமில்லாத மின்தூக்கி, அஞ்சும் நாய்க்குப் பொறி போன்றது. கூட்டமில்லாத நேரத்தில் இறங்குவதும், இயன்றால் படிக்கட்டைப் பயன்படுத்துவதும் முதல் தீர்வு. அதன் பிறகே பயிற்சி. வேறொரு நாயை நம் நாய் கவனிக்கிறது, ஆனால் குரைக்கவில்லை என்னும் தொலைவைக் கண்டறிய வேண்டும். அங்கே நின்று, அந்த நாய் தென்படும்போதெல்லாம் வேகவைத்த கோழித் துண்டு போன்ற விருப்ப உணவைத் தர வேண்டும். அது மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். அயல் நாயைப் பார்த்ததும் உரிமையாளரின் முகத்தை நோக்கி நாய் திரும்பினால், தொலைவைச் சில அடிகள் குறைக்கலாம். குரைத்துவிட்டால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். திட்டாமல் பின்வாங்க வேண்டும். இதற்கு வாரங்கள், சில நாய்களுக்கு மாதங்கள் ஆகும்.

பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே பணிபுரிந்தவர்களின் நாய்கள், அலுவலகங்கள் திறந்ததும் முதன்முறையாகத் தனிமையைச் சந்தித்தன. கதவைப் பிராண்டுவது, இடைவிடாமல் ஊளையிடுவது, வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பது எல்லாம் பிரிவுப் பதற்றத்தின் அடையாளங்களாக இருக்கலாம். திரும்பி வந்ததும் தண்டிப்பதில் பயனில்லை. நாயின் 'குற்ற உணர்வு' முகம், செய்த தவறைவிட உரிமையாளரின் கடிந்துரைக்கே எதிர்வினையாக வருகிறது என்பதை அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸின் 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. சில நொடிகள், பிறகு சில நிமிடங்கள் எனப் பதற்றம் தொடங்கும் முன்பே திரும்பி வந்து பழக்குவதே வழி. கடுமையான நிலையில் மருத்துவர் மருந்தும் பரிந்துரைப்பார்.

குட்டி வாங்குவோர் கவனிக்க: பிறந்து மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ 12, 14 வாரங்கள் வரையே உலகை அச்சமின்றிப் பழகும் பருவம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்க 2017ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன. எனவே வாங்குபவர் கையில் இருப்பது சில வாரங்களே. ஆட்டோ ஓசை, குழந்தைகள், தலைக்கவசம் அணிந்தவர் என அனைத்தையும் அப்போதே மென்மையாக அறிமுகப்படுத்த வேண்டும்.

நாயைக் கட்டியே வைத்திருப்பது தீர்வன்று. எப்போதும் கட்டி வைக்கப்படும் நாய்க்கு உரிய நடையும் பயிற்சியும் தராமல் இருப்பது, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஏற்கெனவே ஒருமுறை கடித்த நாயை, மூச்சுவாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்மூடிக்கு உணவு கொடுத்துப் பழக்கிய பிறகே பொது இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கடி நேர்ந்தால், தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாயாக இருப்பினும், காயத்தை ஓடும் நீரிலும் சோப்பாலும் 15 நிமிடங்கள் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.