உஷார்! உங்கள் டார்கெட் பலகை பொய் சொல்லலாம்

மாதக் கடைசி ரிவ்யூ மீட்டிங். திரையில் எல்லா எண்களும் பச்சை. எந்தக் கிளையும் டார்கெட்டைத் தவறவிடவில்லை, எந்த ஷிஃப்ட்டும் பின்தங்கவில்லை. முதலாளிகளே, மேனேஜர்களே, கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். உயர்ந்திருப்பது வேலையா, வெறும் கணக்கா என்று பாருங்கள்.

உற்பத்தித்திறனை உயர்த்த டார்கெட் வைப்பதில் தவறில்லை. ஆனால் சம்பள உயர்வு, பதவி உயர்வு, வேலை நிலைக்குமா போகுமா என்பது வரை எல்லாவற்றையும் ஒரே ஓர் எண்ணோடு முடிச்சுப் போட்டால் ஆபத்து தொடங்கிவிடும். அன்றிலிருந்து ஊழியர்கள் வேலையை விட்டுவிட்டு எண்ணை உற்பத்தி செய்யத் தொடங்குவார்கள். ஒரு புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் அழுத்தம் கொடுத்தால், அது பழையபடி நிலவரத்தைக் காட்டாது என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-லேயே எச்சரித்தார். அதைப் பொருட்படுத்தாதவர்கள் கொடுத்த விலை சாதாரணமானதல்ல.

ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவை

அமெரிக்காவின் மிகப்பெரிய வங்கிகளில் ஒன்று வெல்ஸ் ஃபார்கோ. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டு சேவைகளையாவது விற்க வேண்டும் என்பது அதன் தலைவர் ஜான் ஸ்டம்ஃப் முழங்கிய இலக்கு. கிளை ஊழியர்களுக்குத் தினசரி டார்கெட். இன்று முடிக்காதது நாளைய கணக்கில் ஏறும். ஒரே நாளில் பலமுறை மேலிடத்திலிருந்து விசாரிப்பு வரும். 2013 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் இந்த நெருக்கடியை விரிவாக எழுதியது. அப்போதும் வங்கி விழிக்கவில்லை.

2016 செப்டம்பரில் குட்டு உடைந்தது. வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே அவர்கள் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டிருந்தன. போலி மின்னஞ்சல் முகவரி கொடுத்து ஆன்லைன் வசதி பதிவானது. ஒருவருடைய பணத்தை அவருக்கே தெரியாத புதுக் கணக்குக்கு மாற்றியதால், பழைய கணக்கில் இருப்பு குறைந்து அபராதம் விழுந்தது. முதலில் சுமார் 20 லட்சம் கணக்குகள் சந்தேகத்துக்குரியவை என்றார்கள். அடுத்த ஆண்டே அது 35 லட்சமானது. ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள்.

முதல் அபராதம் 18.5 கோடி டாலர். 2018-ல் அமெரிக்க மத்திய வங்கி, இதற்குமேல் நீங்கள் வளரவே கூடாது என்று வெல்ஸ் ஃபார்கோவின் சொத்துக்கு உச்சவரம்பு போட்டது. 2020-ல் வழக்குகளை முடிக்க வங்கி 300 கோடி டாலர் கட்டியது. பதவி விலகிய ஸ்டம்ஃபுக்கு 1.75 கோடி டாலர் அபராதம், வங்கித் தொழிலில் வாழ்நாள் தடை. உச்சவரம்பு நீங்கியதோ 2025 ஜூனில்தான். வளர்ச்சிக்காக வைத்த டார்கெட், வளர்ச்சிக்கே ஏழு ஆண்டு பூட்டுப் போட்டது!

மருத்துவமனையிலும் நடந்தது

இது வங்கிக்காரர்கள் பிரச்சினை என்று ஒதுங்காதீர்கள். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் நோயாளிக்கு 14 நாளுக்குள் டாக்டரைப் பார்க்க நேரம் தர வேண்டும் என்பது இலக்கு. காத்திருப்பு 24 நாள் என்று கணக்குக் காட்டினார்கள். 2014-ல் தணிக்கை அதிகாரிகள் 226 பேரை எடுத்து ஆராய்ந்தபோது சராசரிக் காத்திருப்பு 115 நாள் என்று தெரிந்தது. சுமார் 1,700 பேர் காத்திருப்போர் பட்டியலிலேயே இல்லை. துறை அமைச்சர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். நோயாளிகள் இழந்த காலத்தை யாரும் திருப்பித் தர முடியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். பேங்க் ஆஃப் பரோடாவின் 'பாப் வேர்ல்டு' ஆப்பில் பதிவு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட, சம்பந்தமில்லாதவர்களின் செல்போன் எண்கள் வாடிக்கையாளர் கணக்குகளில் இணைக்கப்பட்டதாக 2023 ஜூலையில் செய்தி வெளியானது. அக்டோபர் 10 அன்று, அந்த ஆப்பில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க ரிசர்வ் வங்கி தடை விதித்தது. தடை நீங்க அடுத்த ஆண்டு மே மாதம் ஆனது. கணக்கில் வேறொருவர் செல்போன் எண் இருந்தால் ஓ.டி.பி. யாருக்குப் போகும் என்று யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இந்த அறிகுறிகள் தெரிகின்றனவா?

1. மாதத்தின் கடைசி மூன்று நாளில் விற்பனை குவிகிறது. அடுத்த மாதம் முதல் வாரத்திலேயே சேல்ஸ் ரிட்டர்னும் கிரெடிட் நோட்டும் வரிசை கட்டுகின்றன.

2. உற்பத்தி எண்ணிக்கை ஏறுகிறது. கூடவே ரீவொர்க்கும் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் சரக்கும் ஏறுகின்றன.

3. எல்லோருமே மாதாமாதம் 100, 101 சதவீதத்தில் வந்து நிற்கிறார்கள். உண்மையான வேலையில் ஏற்ற இறக்கம் இருந்தே தீரும்.

4. கணக்கு திறந்திருக்கிறது, பரிவர்த்தனை இல்லை. புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்படுகிறது, அதே ஆள் அதே புகாரோடு திரும்ப வருகிறார்.

5. ரிவ்யூவில் யாரும் கெட்ட செய்தி சொல்வதில்லை.

6. நேர்மைக்குப் பேர்போன பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போகிறார்கள்.

இவற்றில் இரண்டு இருந்தாலே உடனே உள்ளே இறங்கிப் பாருங்கள். ஜுரம் அடிக்கும்போது தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கி எடுத்து 98.4 என்று காட்டுவதைத்தான் உங்கள் நிறுவனம் செய்துகொண்டிருக்கலாம்.

வேறு வழி இருக்கிறது

அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950-ல் ஜப்பானியத் தொழில்துறையினருக்குத் தரக் கட்டுப்பாடு கற்றுக்கொடுத்தார். அவர் பெயரில் 1951-ல் தொடங்கிய பரிசு, உலகத் தொழில்துறை மதிக்கும் பரிசு. தொழிலாளிக்கு இத்தனை என்று எண்ணிக்கை விதிப்பதை ஒழியுங்கள், பயத்தை விரட்டுங்கள் என்பவை அவருடைய 14 கொள்கைகளில் அடங்கும். குறைகளில் பெரும்பகுதி வேலை நடக்கும் முறையில்தான் இருக்கிறது, அதை மாற்றும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்றார் அவர். சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-ல் அந்த டெமிங் பரிசை வென்றது. இந்தியாவில் அதை முதலில் பெற்ற நிறுவனம் அதுதான். ஆகவே இது நம் மண்ணுக்கு ஒத்துவராத தத்துவம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

உடனே செய்ய வேண்டியவை இவை. எந்த எண்ணையும் தனியாக விடாதீர்கள், அதைக் காவல் காக்க இன்னோர் எண் வையுங்கள். உற்பத்திக்குப் பக்கத்தில் ரிஜெக்ஷன், விற்பனைக்குப் பக்கத்தில் ரிட்டர்ன், புதுக் கணக்குக்குப் பக்கத்தில் ஆறு மாதம் கழித்தும் இயங்கும் கணக்கு என்று இருக்கட்டும். சீட்டை விட்டு எழுந்து ஷாப் ஃப்ளோருக்கும் கவுன்டருக்கும் நேரில் போங்கள். டார்கெட் தவறினால் "யார் காரணம்?" என்று கேட்காமல் "எது தடுத்தது?" என்று கேளுங்கள். மெஷின் பழுதா, மூலப்பொருள் தாமதமா, பயிற்சி போதவில்லையா? அதைச் சரிசெய்தால் உற்பத்தி தானாக ஏறும். தவறைச் சுட்டிக்காட்டுகிறவரைப் பாதுகாப்பது நிர்வாகத்தின் கடமை. வெல்ஸ் ஃபார்கோவில் முறைகேட்டைப் புகார் செய்த பிறகு வேலை இழந்த ஒரு மேனேஜரைத் திரும்பச் சேர்க்கவும், 54 லட்சம் டாலர் வழங்கவும் 2017-ல் அமெரிக்க அரசு அமைப்பு உத்தரவிட வேண்டி வந்தது.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. "எப்படியாவது முடி" என்று மேலே இருப்பவர் வாயால் சொல்வார், காகிதத்தில் எழுதித் தர மாட்டார். விசாரணை வரும்போது கம்ப்யூட்டரில் பதிந்திருப்பது உங்கள் லாகின், உங்கள் கையெழுத்து. முடியாததை முடியாது என்று மரியாதையாக மின்னஞ்சலில் எழுதி, பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். பொய்ப் பதிவு மட்டும் போடாதீர்கள்.

நிர்வாகிகளே, அடுத்த ரிவ்யூவில் பச்சை எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எப்படி வந்தது என்று அடிவரை போய்ப் பாருங்கள். அதிகாரிகள் வந்து கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுவிடுங்கள். பயத்தில் கூடுவது எண் மட்டுமே, உற்பத்தித்திறன் ஒருபோதும் கூடாது.