கல்லூரியில் சேர்க்கும் முன்: எந்த அங்கீகாரம், எதற்கு?



பிளஸ் டூ பரீட்சை முடிவதற்குள்ளேயே கல்லூரிக்காரர்கள் பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். கையில் நோட்டீஸ், 'இன்றே பதிந்தால் கட்டணச் சலுகை' என்ற பேச்சு. நோட்டீசின் தலையில் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று கொட்டை எழுத்து. எந்த அரசு, எதற்குக் கொடுத்த அங்கீகாரம் என்பது மட்டும் எங்கும் இருக்காது.

இதை எழுதக் காரணம் உண்டு. கல்வி உதவி கேட்டு ஒரு தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மகள் ஒரு தனியார் நிறுவனத்தில் 2 ஆண்டு 'நர்சிங் டிப்ளமோ' முடித்தவள். மருத்துவமனையில் வேலை கேட்டுப் போனபோது கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் வருடக் கட்டணம் நகையை அடகு வைத்துக் கட்டியது. இரண்டாம் வருடத்தில் ஒரு பகுதி எங்கள் ஜகாத் நிதியிலிருந்து போனது. ரசீதைப் பார்த்தோம், கொடுத்தோம், படிப்பை விசாரிக்கவில்லை. அந்தத் தவறு எங்களுடையது.

நர்சிங்கில் ஏஎன்எம் 2 ஆண்டு, ஜிஎன்எம் 3 ஆண்டு, பிஎஸ்சி 4 ஆண்டு. எதுவானாலும் அந்தப் பள்ளியோ கல்லூரியோ தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் படித்தவர் நர்சாகப் பதிய முடியாது. பிஎஸ்சி என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பையும் பாருங்கள். 'நர்சிங் அசிஸ்டென்ட்', 'ஹெல்த் அசிஸ்டென்ட்' என்று வேறு பெயரில் நடக்கும் படிப்புகள் நர்ஸ் படிப்பு அல்ல. இதேபோல வக்கீல் படிப்புக்கு பார் கவுன்சில், பி.எட்.டுக்கு என்சிடிஇ.

இன்ஜினியரிங்கில் குழப்பம் வேறு மாதிரி. அங்கே மூன்று பெயர்கள் அடிபடும். ஏஐசிடிஇ தருவது படிப்பை நடத்துவதற்கான ஒப்புதல். 'நாக்' தரும் ஏ, ஏ பிளஸ் எல்லாம் முழுக் கல்லூரிக்குமான மதிப்பெண். உங்கள் பிள்ளை சேரும் பாடப்பிரிவைப் பற்றி அது தனியாக எதுவும் சொல்வதில்லை. பாடப்பிரிவு ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்து அங்கீகாரம் தருவது என்பிஏ. ஒரே கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு என்பிஏ இருக்கும், பக்கத்துக் கட்டிடத்தில் நடக்கும் படிப்புக்கு இருக்காது. அதற்குக் காலக்கெடுவும் உண்டு. முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். இரண்டு செட் மாணவர்களாவது படித்து வெளியேறிய பிறகுதான் ஒரு பிரிவு என்பிஏவுக்கு விண்ணப்பிக்க முடியும். ஆகவே புதிதாகத் தொடங்கிய ஏஐ, டேட்டா சயின்ஸ் பிரிவுகளில் அது இல்லாவிட்டால் கல்லூரியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 'எல்லாவற்றுக்கும் இருக்கிறது' என்று சொன்னால், எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள்.

என்பிஏ இல்லாவிட்டால் பட்டம் செல்லாது என்பதில்லை. உள்ளூர் வேலைக்கு அதை யாரும் பெரும்பாலும் கேட்பதில்லை. பிறகு ஏன் இவ்வளவு பேச்சு என்றால், நம் பிள்ளைகளில் பலர் சபர் போகிறவர்கள். 2018ல் குவைத்தில் இன்ஜினியர்கள் இகாமா புதுப்பிக்க அந்நாட்டு இன்ஜினியர்கள் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும் என்று உத்தரவு வந்தது. இந்தியப் பட்டம் என்றால் என்பிஏ இருந்ததா என்று பார்த்தார்கள். பல வருடம் அங்கே வேலை பார்த்தவர்களும், பேர்போன அரசுக் கல்லூரிகளில் படித்தவர்களும்கூட மாட்டிக்கொண்டார்கள். வேலையைக் காப்பாற்ற இன்ஜினியர் என்ற பதவிப் பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை சிலருக்கு. சேரும்போது 10 நிமிடம் செலவழித்து என்பிஏ இணையதளத்தில் பார்த்துவிடலாம். கல்லூரி, பிரிவு, காலம் எல்லாம் அதில் இருக்கிறது.

தபால் வழி, ஆன்லைன் பட்டம் என்றால் அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு யுஜிசி அனுமதி இருக்க வேண்டும். இன்ஜினியரிங், நர்சிங், சட்டம் போன்றவற்றைத் தபால் வழியில் படிக்க அனுமதியே கிடையாது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் யுஜிசி வெளியிடுகிறது.

பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிகள் நடத்தும் சான்றிதழ் வகுப்புகளும் இப்போது வருகின்றன. சில நல்லவைதான், பிள்ளைக்கு ஒரு துறை பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள உதவும். ஆனால் சான்றிதழ் வேறு, பட்டம் வேறு. சென்னை ஐஐடியின் ஆன்லைன் பிஎஸ் பட்டத்துக்கே 11ஆம் வகுப்பு முடித்தவர் தகுதித் தேர்வு எழுதலாம் என்றாலும், பிளஸ் டூ முடித்த பிறகுதான் சேர முடியும். 'இப்போது படித்தால் கல்லூரியில் ஒரு வருடம் குறையும்' என்று யாராவது சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம் குறைக்கும் என்று எழுதி வாங்குங்கள்.

இனி உதவித்தொகை விண்ணப்பத்தோடு கல்லூரியின் அங்கீகாரக் கடித நகலையும் கேட்கிறோம். அதை வாங்கத் தெரியவில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். நோட்டீசை மட்டும் எடுத்துக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகம் வாருங்கள்; உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள். அந்தப் பெண் இந்த ஆண்டு கவுன்சில் அங்கீகாரம் உள்ள ஒரு பள்ளியில் ஜிஎன்எம் முதல் வருடம் சேர்ந்திருக்கிறாள். கட்டணத்தை அறக்கட்டளை ஏற்றிருக்கிறது.