பட்டரவாக்கத்தில் இறங்கினால்

சென்னை சென்ட்ரலில் இருந்து ஆவடி போகும் மின்சார ரயில் பட்டரவாக்கத்தில் நின்றதும், தோளில் சாப்பாட்டுப் பையோடு காலை ஷிப்டுக்காரர்கள் இறங்குவார்கள். ஊர் பார்க்க இறங்குபவர்கள் குறைவு.

ஆனால் பார்க்க வேண்டிய இடம்தான்; அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள நிலையம் இது. 1949-இல் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் காலூன்றிய ஊர் அம்பத்தூர். நாடெங்கும் ஓடிய ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ சைக்கிள்களுக்கு இதுதான் பிறந்த வீடு. 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் இங்கே இயங்குகின்றன. உள்தெருக்களில் நடந்தால் கட்டிங் ஆயில் வாசம். ஷட்டர் பாதி ஏறிய லேத் பட்டறைக்குள் சுழலும் இரும்புத் தண்டில் இருந்து சீவல் சுருள்சுருளாக விழுகிறது. கடைந்து எடுத்த புஷ்ஷை விரலால் துடைத்து, வெர்னியரில் அளந்து, தட்டில் அடுக்குகிறார் ஒருவர். பெரிய ஆலைகள் இப்படிப்பட்ட பட்டறைகளை நம்பித்தான் ஓடுகின்றன. இவற்றின் பெயர் எந்த வண்டியிலும் பொறிக்கப்படுவதில்லை.

மதியம் டீக்கடை, தள்ளுவண்டிச் சாப்பாடு எல்லாமே இந்தத் தொழிலாளர்களுக்காகத்தான்.

பட்டரவாக்கத்தில் இருந்து ஆவடி பக்கம் இரண்டாவது ரயில் நிலையம் திருமுல்லைவாயில். சுந்தரர் பாடிய மாசிலாமணீசுவரர் கோயில் அங்கே உண்டு. கருவறை முன்பு நிற்கும் இரண்டு தூண்கள் வெள்ளெருக்கு மரத்தால் ஆனவை. குத்துச்செடியாகவே நாம் பார்த்திருக்கும் எருக்கு, தூணாகும் அளவு பருத்திருக்கிறது!

அடுத்த விடுமுறையில் ரயில் ஏறுங்கள். பட்டறைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் வேலை நாளில் போங்கள்.