திடீர் ‘டிரான்ஸ்பர்’ ஆர்டர்! வீட்டு அட்வான்ஸ் என்ன ஆகும்?

அரக்கோணம்,

படைவீரருக்கு வீடு விட்டால் மாசம் பிறந்ததும் வாடகை வந்துவிடும். ஆனால் ஆள் எப்போது கிளம்புவார் என்பது வீட்டுக்காரருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது!

1992-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி அப்போதைய ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன் இங்கு ‘ஐ.என்.எஸ். ராஜாளி’ கடற்படை விமான தளத்தை தொடங்கி வைத்தார். தேசிய பேரிடர் மீட்பு படையின் 4-வது பட்டாலியனும் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. ‘குவார்ட்டர்ஸ்’ கிடைக்காதவர்கள் ஊருக்குள் வாடகை வீடு பார்க்கிறார்கள்.

2 விதம்

புயல், வெள்ளம் என்றால் மீட்பு படை வீரர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். இது காலி செய்வது அல்ல. குடும்பம் வீட்டிலேயே இருக்கும். வேலை முடிந்ததும் அவர் திரும்பி விடுவார்.

‘டிரான்ஸ்பர்’ ஆர்டர் வந்தாலோ, குவார்ட்டர்ஸ் கிடைத்தாலோ கதை வேறு. சாமானைக் கட்ட வேண்டியதுதான்!

தகராறு எங்கே?

11 மாத ஒப்பந்தம். 4-வது மாதமே காலி. மீதி மாதத்துக்கு யார் வாடகை தருவது என்று கேட்பார், வாடகையை நம்பி பேங்க் கடன் கட்டும் வீட்டுக்காரர். சர்க்கார் உத்தரவுக்கு நான் என்ன செய்ய என்பார் வீரர். புது ஊரிலும் அவர் அட்வான்ஸ் கொடுக்கணுமே! நடுவில் சிக்குவது பழைய அட்வான்ஸ்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகை சட்டம் 2019 பிப்ரவரி 22-ந்தேதி அமலுக்கு வந்தது. இதன்படி எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டு, பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த 1 மாதத்துக்குள், பாக்கி போக மீதியை திருப்பித் தர வேண்டும்.

அமெரிக்காவில் 2003-ம் ஆண்டு சட்டம் ஒன்று இருக்கிறது. இடமாற்ற உத்தரவு வந்தாலோ, 90 நாளோ அதற்கு மேலோ பணிக்கு அனுப்பினாலோ, ராணுவ வீரர் நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்துக் கொள்ளலாம்.

நாலு வரி போதும்

இங்கே ஒப்பந்தத்திலேயே அதை எழுதிக்கொள்வது நல்லது. ஆர்டர் வந்தால் எத்தனை நாள் நோட்டீஸ்? மீதி மாத வாடகை உண்டா, இல்லையா? வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பது? ஆர்டரைக் காட்ட முடியாவிட்டால் அதிகாரியின் கடிதம் போதுமா?

இந்த நாலுக்கும் பதில் எழுதி இருவரும் கையெழுத்து போட்டுவிட்டால், லாரி வந்து நிற்கும் நாளில் வாசலில் சண்டை இருக்காது!