ஆட்டம் எங்கே இருக்கிறது?

நவரை அறுவடையின்போது புள்ளலூர்ப் பக்கம் நெல் மூட்டைகளைச் சுமந்து ஓடுவது 'குட்டி யானை' என்று நாம் சொல்லும் டாடா ஏஸ்தான். 2005இல் வந்ததிலிருந்து சிறு விவசாயிக்கு அதுவே லாரி. அது முக்கால் டன் வண்டி. 40 கிலோ மூட்டை 18 ஏற்றினாலே 720 கிலோ ஆகிவிடும். அறுவடை அவசரத்தில் யார் எண்ணுகிறார்கள்? 12 அங்குலச் சின்னச் சக்கரம் பள்ளத்தில் முழுசாக இறங்கி எழும்போது, அந்த அடியெல்லாம் முன் அச்சில் விழுகிறது.

பத்து வருடம் இப்படி ஓடிய வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நேராகப் பிடித்தாலும் அலையும். டயரின் ஓரம் மட்டும் தேயும். உடனே அலைன்மென்ட் கடைக்கு ஓடுகிறோம். தேய்ந்த பாகத்தை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மென்ட் நாலு பள்ளம் தாண்டாது. மெக்கானிக்குகள் 'பிளே' என்று சொல்லும் ஆட்டம் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சரக்கை இறக்குங்கள். டயரில் காற்றைச் சரிபாருங்கள். ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமும் லேசாக அசைக்க, இன்னொருவர் கீழே பார்க்கட்டும். டிராக் லிங்க், டை ராடு முனைகளில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால், அந்த ஜாயின்ட் தேய்ந்துவிட்டது. எல்லா முனையும் கெட்டியாக இருந்தும் ஸ்டீரிங் வெறுமனே சுற்றினால், ஸ்டீரிங் பாக்ஸைப் பாருங்கள்.

பிறகு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டுங்கள். ஆடினால், பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில்.

ஸ்பிரிங் பட்டைகளையும் விடாதீர்கள். சென்டர் போல்ட் அறுந்தாலோ யூ போல்ட் தளர்ந்தாலோ அச்சே இடம் மாறி, வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

கிங்பின்னைச் சீக்கிரம் தின்பது கிரீஸ் இல்லாத ஓட்டம். சக்கரம் தூக்கியிருக்கும்போதே, பழைய கிரீஸ் வெளியே வரும்வரை நிப்பிளில் அடியுங்கள். மழைத் தண்ணீரில் ஓடிய வண்டிக்கு இது கட்டாயம். தேய்ந்ததை மாற்றிய பிறகு, கடைசியாக அலைன்மென்ட்.

ஓடும்போது டை ராடு முனை கழன்றால், முன்சக்கரம் இரண்டும் ஒரே பக்கம் திரும்பாது. எத்தனை வருட அனுபவமும் அப்போது கை கொடுக்காது. நடவுக்கும் அறுப்புக்கும் பெண்கள் இதே வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போவதை நாம் பார்க்கிறோம். அவர்களை ஏற்றவே கூடாது. அந்தப் பழக்கம் ஒழியும்வரை, அவர்கள் உயிரும் அந்தச் சின்ன முனையில்தான் இருக்கிறது.