கண்ணாடியைக் கழற்றும் முன்

"கண்ணாடி போட்ட பிள்ளையை யார் கேட்டு வருவார்கள்? லேசர் செய்துவிடுங்கள்" என்று கலியாண வீட்டில் மாமி உம்மாவிடம் சொன்னார். எனக்கும் ஆசைதான். வாப்பா கண் வைத்தியரிடம் கூட்டிச் சென்றார். அவர் என் பழைய துண்டுகளைப் பார்த்து, ஒரே வருடத்தில் அளவு மைனஸ் 3.25இலிருந்து 4.00 ஆகியிருப்பதைக் காட்டினார். "இன்னும் ஏறுகிறது மகள். இப்போது செய்தால் மறுபடியும் கண்ணாடி வரும்" என்றார்.

குறும்பார்வையில் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிகிறது. லேசர் கதிர், விழிவெண்படலத்தைச் செதுக்கி அதன் வளைவைக் குறைக்கிறது. ஒளி விழித்திரையில் குவிகிறது. செதுக்கிய இழையம் மீண்டும் வளராது. ஆகவே 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருடமாவது அளவு மாறாதிருக்க வேண்டும். விழிவெண்படலம் மெல்லியதாயின் 'லேசிக்' முறை பொருந்தாது. கண் உலர்வு இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் செய்ய வேண்டும்.

மென்மையான கொன்டாக்ட் லென்ஸ் அணிவோர், பரிசோதனைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். அது விழிவெண்படலத்தின் வடிவை மாற்றிவிடும். சத்திரசிகிச்சைக்கு முதல் நாளிலிருந்து சுறுமா, கிறீம் கூடாது. பின்னர் கண்ணைக் கசக்கக் கூடாது. தண்ணீர் படவும் கூடாது. வுழூ செய்வது எப்படி என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். லேசர் செய்தவர்களுக்கும் நாற்பது வயதுக்குப் பின் வாசிக்கக் கண்ணாடி தேவைப்படலாம்.

நான் கண்ணாடியோடுதான் உயர்தரப் பரீட்சை எழுதப்போகிறேன். அளவு நின்ற பிறகு, எனக்காக முடிவெடுப்பேன். கேட்டு வருபவர்களுக்காக அல்ல. உம்மாவும் இப்போது மாமியிடம் அதைத்தான் சொல்கிறார்.